சாப்டியான்னு கேக்க ஒரு ஆள்

"ஒண்ணுமே நடக்கலையே பாஸ், ஒரே ஸ்லோ." 'மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன்' அனிமேவைப் பாருங்கன்னு யார்கிட்ட சொன்னாலும் மூணாவது எபிசோடுக்குள்ள இந்தப் பதில் வந்துடும். ஒண்ணும் நடக்கலைங்கிறது ஓரளவு உண்மைதான். ஆனா என்னைக் கேட்டா, டிப்ரஷன்ல இருக்கிற ஒருத்தனோட நாள் அப்படித்தான் இருக்கும். அதை இவ்வளவு நேர்மையா காட்டின தொடர் வேற எதுவும் எனக்குச் சட்டுனு ஞாபகத்துக்கு வரலை.

தெரியாதவங்களுக்குச் சின்னதா ஒரு அறிமுகம். சிகா உமினோ 2007-ல் எழுத ஆரம்பிச்ச மங்கா. ஷாஃப்ட் ஸ்டுடியோ அதை அனிமேவா எடுக்க, 2016 அக்டோபர்லேர்ந்து 2018 மார்ச்சுக்குள்ள ரெண்டு சீசனா, மொத்தம் 44 எபிசோட், என்.எச்.கே.யில் வந்துச்சு. ஹீரோ ரெய் கிரியாமாவுக்கு 17 வயசு. ஷோகின்னு சொல்ற ஜப்பானிய சதுரங்கத்துல, பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே புரொஃபஷனல் ஆனவன்.

ரெய்யோட அப்பா, அம்மா, தங்கச்சி மூணு பேரும் சின்ன வயசுலயே விபத்துல போயிடறாங்க. அப்பாவோட நண்பர் கோடா, அவரும் ஷோகி வீரர், இவன்கிட்ட ஷோகி பிடிக்குமான்னு கேக்கறார். பிடிக்காது. ஆனா பிடிக்கும்னு சொன்னாத்தான் இருக்க ஒரு வீடு கிடைக்கும். பையன் பொய் சொல்றான். அந்தப் பொய்யைக் காப்பாத்த விளையாடி விளையாடி, கோடாவோட சொந்தப் பசங்களையே தோக்கடிச்சுடறான். அந்த வீடே உடைஞ்சு போகுது. அடுத்த பறவையோட கூட்டுல பொரிஞ்சு, அங்க இருக்கிற குஞ்சுகளைத் தள்ளிவிடற குக்கூ குஞ்சுதான் நான்னு ரெய் முடிவு பண்றான். டோக்கியோவுல ஆத்தோரமா ஒரு அபார்ட்மென்ட் எடுத்துத் தனியா வந்துடறான்.

இந்த நிலைமையைக் காட்ட உமினோ ஒப்பாரி வைக்கலை. சாமான் இல்லாத ரூம், கப் நூடுல்ஸ், எந்திரிக்க முடியாத காலைகள், தண்ணிக்குள்ள முங்கற மாதிரி கனவுகள், அவ்வளவுதான். முதல் எபிசோட்ல ரெய் ரொம்ப நேரம் வாயே திறக்க மாட்டான். அதுல அவன் விளையாடற ஆட்டமே வளர்த்த அப்பா கோடாவோடதான். ஜெயிக்கிறான். ஆனா அந்த ஜெயிப்பு ஒரு அடிதடி மாதிரி அவனை அறுக்குது.

அப்புறம் வர்றாங்க கவாமோட்டோ சகோதரிகள் - அகாரி, ஹினா, மோமோ. சீனியருங்க குடிக்க வச்சு ரோட்டுல விட்டுட்டுப் போன ரெய்யை அகாரி வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றா. யாரும் 'உனக்கு என்ன பிரச்சினை?'ன்னு உக்கார வச்சுக் கேக்கலை. அட்வைஸ் கிடையாது. சோறு போடறாங்க, அவ்வளவே. மறுபடி வா, மறுபடி சாப்பிடு. அந்த வீடும் ஒண்ணும் சந்தோஷ மாளிகை இல்லீங்க. அம்மா, பாட்டி செத்தாச்சு, அப்பா விட்டுட்டுப் போயாச்சு. துக்கம் இருக்கிற வீட்டுலதான் இன்னொரு துக்கத்துக்கும் இடம் கிடைக்குது.

இங்கதான் நான் பலரோட முரண்படறேன். 'அன்பான குடும்பம் கிடைச்சுது, தனிமை போச்சு'ன்னு இந்தக் கதையைச் சுருக்கிடறாங்க. அப்படி இல்லை. முதல் சீசன் முழுக்கச் சாப்பிட்டும் ரெய் முழுசா தேறலை. அவங்க வீட்டுல விருந்தாளியாத்தான் கூச்சத்தோட இருக்கான். ரெண்டாவது சீசன்ல, ஒதுக்கப்பட்ட தோழிக்காக நின்ன ஹினாவையே வகுப்பு ஒதுக்குது. தான் செஞ்சது தப்பில்லைன்னு அவ அழுதுகிட்டே சொல்றப்போதான், சின்ன வயசுல ஒதுக்கப்பட்ட ரெய்க்கு என்னவோ திறக்குது. அவளுக்கு ஏதாவது செய்யணும்னு அலையறான். ஒரு ஆட்டம் முடிஞ்ச கையோட, பள்ளிச் சுற்றுலா போன அவளைத் தேடி கியோட்டோவுக்கே போய் ஆத்தங்கரையில கண்டுபிடிக்கறான். பெருசா ஒண்ணும் தீர்த்து வைக்கலை, பக்கத்துல நிக்கிறான். வாங்கிச் சாப்பிடறது மட்டும் போதாது, நாமளும் ஒருத்தருக்குத் தேவைப்படணும். தொடர் சொல்ற விஷயம் இதுதான்னு நினைக்கிறேன்.

எனக்கு ரெண்டு குறையும் உண்டு. ஒண்ணு, அந்தக் கதகதப்பு சும்மா வரலை. பகல்ல தாத்தாவோட இனிப்புக் கடை, சாயங்காலம் அத்தை நடத்துற பார், நடுவுல ரெண்டு தங்கச்சிங்க, இத்தனையும் இழுக்கறது அகாரி. அவளும் சின்னப் பொண்ணுதான். எல்லாருக்கும் சோறு போடற அவளை யார் சாப்டியான்னு கேக்கறது? கதை அவளைப் பாக்காம இல்லை, ஆனா ரெய்யைப் பாத்த அளவுக்குப் பாக்கலை.

ரெண்டாவது, டிப்ரஷன் ஒரு நோய். சோறும் சொந்தமும் மட்டும் அதைக் குணப்படுத்தாது. ரெய் எந்த டாக்டர்கிட்டயும் போறதில்லை. இந்த இடத்தை நிரப்பறது நிஜ வாழ்க்கையில ஒருத்தர். மங்காவுல வர்ற ஷோகி ஆட்டங்களை மேற்பார்வை பார்த்த மனாபு சென்சாகி, நிஜமாவே 9-தான் தரத்துல இருக்கிற வீரர். 2017-ல் அவருக்கே டிப்ரஷன் வந்துச்சு. ஆட்டத்தை நிறுத்திட்டு ஆஸ்பத்திரியில சேர்ந்து சிகிச்சை எடுத்து, 2018-ல் திரும்ப விளையாட வந்தார். அந்த அனுபவத்தைப் புத்தகமாவும் எழுதினார். பலகையில நூறு அடி முன்னாடி யோசிக்கிற மூளைக்கும் இது வரும். ஆஸ்பத்திரி போறது தோல்வி இல்லை.

ஷோகியில ஒரு விதி உண்டு. நம்ம செஸ்ல வெட்டின காய் ஓரமாப் போயிடும். ஷோகியில வெட்டின காயை நாமளே வச்சுக்கலாம், நமக்கு ஒரு ஆட்டம் வர்றப்போ நம்ம காயா காலிக் கட்டத்துல இறக்கலாம். பழைய பக்கத்துக்கு அது போயிடுச்சு, ஆனா ஆட்டத்தை விட்டுப் போகலை. ஒரு வீட்டுல இழந்த பையன் இன்னொரு வீட்டுல இறங்கறதுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு கிடைக்காதுங்க.

ஸ்லோன்னு விட்டவங்க ஒபோன் பண்டிகை வர்ற எபிசோட் வரைக்குமாவது பாருங்க. அதுக்கப்புறமும் பிடிக்கலைன்னா திட்டுங்க, வாங்கிக்கறேன் :-)

பி.கு: கதையில ரெய், நடுநிலைப் பள்ளியில படிக்கும்போதே புரொஃபஷனல் ஆன அஞ்சாவது ஆள். நிஜத்துல அந்த அஞ்சாவது இடம் ரொம்ப வருஷம் காலியாவே இருந்துச்சு. அனிமே ஆரம்பிச்ச அதே 2016 அக்டோபர்ல, 14 வயசு சோட்டா ஃபுஜி அதை நிரப்பினார். 2023-ல் எட்டு பட்டமும் அவர் கையில. கதையைவிட நிஜம் ஸ்பீடு!