அடி தாங்குவதா தகுதி?
இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

நம் மைதானத்தில் ஹாக்கி ஆடும் நண்பர்களுக்குப் பனித்தளத்தில் ஆடப்படும் ஹாக்கி வேடிக்கையாகத் தோன்றலாம். 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட பனிக்கட்டித் தளம். காலணியின் அடியில் கத்தி போன்ற எஃகு அலகு. பந்துக்குப் பதில் ஏறத்தாழ 6 அவுன்ஸ் எடையுள்ள கெட்டி ரப்பர் வட்டு. அது துள்ளாமல் வழுக்கிச் செல்வதற்காக ஆட்டத்துக்கு முன் உறைய வைப்பார்கள். (குளிர்ந்த ரப்பரின் மீள்தன்மை குறையும் என்பதற்கு இதைவிட நல்ல செய்முறை விளக்கம் வேண்டுமோ?) வட்டை வைத்திருப்பவரை உடம்பால் மோதித் தள்ளுவது அங்கே குற்றமன்று. மட்டையால் குத்துவதும் முஷ்டியால் அடிப்பதும் குற்றந்தான். சில நிமிடங்கள் வெளியே உட்கார வைப்பார்கள், அவ்வளவே.

இந்த ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டு கடல் கடந்து போன ஒருவரைப் பற்றியே எழுத வந்தேன். பெயர் போர்ஜே சால்மிங். 1951-ல் சுவீடனின் வடகோடியில், இரும்புச் சுரங்க நகரான கிருனாவில் பிறந்தவர். தந்தை வழியில் சாமி இனத்தவர். (பெயரைக் கண்டு நகைக்க வேண்டாம், கலைமான் மேய்த்து வாழ்ந்த தொன்மையான மக்கள் அவர்கள்.) தந்தை சுரங்கத் தொழிலாளி. மகனுக்கு ஐந்து வயதாயிருக்கும்போது சுரங்க விபத்தில் மாண்டார். அந்த வீட்டுப் பிள்ளை 1971, 1972 ஆகிய ஆண்டுகளில் சுவீடன் சாம்பியன் பட்டம் வென்ற பிரைனாஸ் அணியில் இருந்தார். 1973-ல் டொரான்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி அவரைக் கனடாவுக்கு அழைத்தது. உடன் சென்றவர் அதே பிரைனாஸ் அணியின் இங்கே ஹம்மர்ஸ்ட்ரோம்.

இவர்கள் முதல்வர்கள் அல்லர். 1965-லேயே உல்ஃப் ஸ்டெர்னர் என்ற சுவீடன்காரர் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்காக நான்கு ஆட்டங்கள் ஆடிவிட்டு ஊர் திரும்பியிருந்தார். வந்த இருவரும் கோழைகள் என்று எதிரணியினரும் பார்வையாளர்களும் கூவினார்கள். பிலடெல்பியா அணி அக்காலத்தில் அடிதடிக்குப் பேர்போனது. மட்டையால் குத்துவார்கள், சுவரோடு சேர்த்து நசுக்குவார்கள். சால்மிங் அசரவில்லை. பாய்ந்து வரும் வட்டின் முன் உடம்பைக் கிடத்தித் தடுக்கும் தடுப்பாட்டக்காரர் அவர். 1976 கனடா கோப்பைப் போட்டியில் சுவீடன் சட்டை அணிந்து டொரான்டோ அரங்கில் அவர் வந்தபோது, ஊர்மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.  1986-ல் ஓர் ஆட்டத்தில் கீழே விழுந்தவரின் முகத்தை இன்னொருவரின் ஸ்கேட் அலகு கிழித்தது; 200-க்கு மேல் தையல்கள். அமெரிக்கக் கண்டத்தின் அந்தப் பெரிய லீக்கில் 1990 வரை 1,148 ஆட்டங்கள், 787 புள்ளிகள். 1996-ல் ஹாக்கிப் புகழ் மன்றத்தில் இடம்.

இதைச் சொல்லும்போதெல்லாம், "பார், அந்த அடிகள்தாம் அவரை ஆளாக்கின" என்று முடிப்பது வழக்கம். இதைத்தான் நான் மறுக்கிறேன். கனடாவில் கால் வைத்த நாளிலேயே சால்மிங் ஆளாகித்தான் இருந்தார். இல்லாவிட்டால் கடல் கடந்து வந்து யாரும் அவரைத் தேடியிருக்க மாட்டார்கள். அடித்தவர்கள் எதையும் கற்றுத் தரவில்லை. அடிக்க மட்டுமே செய்தார்கள். அடி தாங்கியதைப் புகழ்வதில் ஒரு வசதி இருக்கிறது: அடித்தவனைக் கேள்வி கேட்க வேண்டியதில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த என்னைப் போன்றவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதன்று. "கஷ்டப்பட்டால்தான் முன்னுக்கு வரலாம்" என்று, கஷ்டம் என்னவென்று அறியாதவர்களே அதிகம் சொல்கிறார்கள்.

உடன் சென்ற ஹம்மர்ஸ்ட்ரோமைப் பாருங்கள். அவர் மோதலை விரும்பாதவர். வேகமும் நுட்பமும் அவருடைய ஆயுதங்கள். முதல் நான்கு பருவங்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கோல் வீதம் அடித்தார். கோல் அடிப்பதுதானே முன்கள ஆட்டக்காரனின் வேலை? ஆனால் அணியின் உரிமையாளர் ஹெரால்டு பல்லார்டோ, இவர் சட்டைப்பையில் ஆறு முட்டைகளோடு மூலைக்குள் போனாலும் ஒன்றுகூட உடையாது என்று பத்திரிகையாளர் காதுபடக் கேலி செய்தார். இருவருக்கும் ஒரே ஏச்சு. அடி வாங்கிக் காட்டியவருக்குக் கைதட்டல், வேலையை மட்டும் செய்தவருக்குக் கேலி. அப்படியானால் அளந்து பார்த்தது திறமையையா, தோலின் தடிப்பையா?

இன்று அந்த லீக்கில் நான்கில் ஒருவருக்கு மேல் ஐரோப்பியர். 2008-ல் டெட்ராய்ட் அணிக்குத் தலைமை தாங்கி ஸ்டான்லி கோப்பையை வென்றவர் சுவீடனின் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம். மோதித் தள்ளிப் பெயர் வாங்கியவர் அல்லர் அவர். வட்டு எங்கே வரும் என்று முன்கூட்டி அறிந்து நிற்பவர். சால்மிங் வாங்கிய அடிகளால்தான் லிட்ஸ்ட்ரோமுக்கு வழி திறந்தது என்பார்கள். அவருடைய ஆட்டத்தால் திறந்தது என்பேன் நான்.

2022 நவம்பரில், நரம்பு நோயால் பேச்சிழந்திருந்த சால்மிங்கை டொரான்டோ அரங்கில் அவருடைய பழைய அணித்தலைவர் டாரில் சிட்லர் தாங்கிப் பிடித்து நிறுத்தினார். அரங்கமே எழுந்து நின்றது. இரு வாரத்துக்குள், 24-ஆம் தேதி, 71 வயதில் சால்மிங் காலமானார்.

ஹம்மர்ஸ்ட்ரோமை 1977-லேயே செயின்ட் லூயிஸ் அணிக்கு மாற்றிவிட்டார்கள். 1979-ல் அவர் ஊர் திரும்பினார். பின்னாளில் ஐரோப்பாவில் இளம் ஆட்டக்காரர்களைத் தேடித்தரும் வேலைக்கு அவரை அமர்த்திக்கொண்ட அணி எது தெரியுமா? பிலடெல்பியா.