போனும் விதை மாதிரிதான்

மூன்று மாதத்துக்கு முன்னால் என் மகன் தான் வைத்திருந்த ஐபோனைக் கொடுத்து, "அப்பா, இனிமே இதை வச்சுக்கோங்க" என்றான். அதுவரைக்கும் என்னிடம் இருந்ததெல்லாம் ஆண்ட்ராய்டு போன்தான். இயற்கை விவசாயப் பத்திரிகையில் போனுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். விதை கேட்பது, வாழைத்தாருக்கு விலை பேசுவது, இலையில் புள்ளி விழுந்தால் என்ன கரைசல் தெளிக்கலாம் என்று விசாரிப்பது எல்லாம் இன்றைக்கு அதில்தான் நடக்கிறது. மண்வெட்டியைத் தட்டிப் பார்த்து வாங்குகிற நாம், இதையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்கணும்.

முதலில் நல்லதைச் சொல்லிடுறேன். ஐபோனில் இலையின் நிறம் உள்ளபடியே படத்தில் விழுகிறது. உச்சி வெயிலிலும் திரை தெரிகிறது. பழைய மாடலுக்கும் பல வருஷம் புதுப்பிப்பு வருகிறது. 2015-ல் வந்த ஐபோன் 6எஸ்-க்கு 2021-ல் வந்த ஐஓஎஸ் 15-ம் கிடைத்தது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இரண்டு மூன்று வருஷத்தில் அது நின்றுபோகும். வாட்ஸ்அப், உழவன் செயலி இரண்டும் இரண்டு வகை போனிலும் ஓடுகின்றன. அன்றாட வேலைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் எனக்கு 2023 டிசம்பர் மறக்கவில்லை. 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நம்ம ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு மாட்டி நின்றது. கரண்ட் இல்லை, டவரும் இல்லை. வெளியுலகச் செய்தி எங்களுக்குக் கிடைத்தது, பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் பட்டன் போனில் இருந்த எப்.எம். ரேடியோவில்தான்.

வெள்ளம் வடிந்த பிறகு வாழைக்கு நிவாரணம் எழுத வந்தார்கள். "எத்தனை மரம் நின்னுச்சு?" என்று கேட்டார்கள். என் போன் தண்ணீரில் செத்துவிட்டது. உள்ளே இருந்த மெமரி கார்டைத் துடைத்து, மருமகன் போனில் போட்டோம். வயல் படம் தேதியோடு அப்படியே இருந்தது. விரல் நகம் அளவு கார்டுதான் எனக்குச் சாட்சி சொன்னது.

ஐபோனில் அந்தக் கார்டு போட இடமே கிடையாது. எப்.எம். ரேடியோவும் இல்லை. எல்லா மொபைலிலும் எப்.எம். வசதி இருக்கணும் என்று மத்திய அரசே 2023 ஏப்ரலில் போன் தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பியது. அறிவுரைதான், கட்டாயம் இல்லை. படங்களை ஐகிளவுடில் ஏற்றி வைக்கலாம், ஆனால் இலவசமாக 5 ஜிபிதான். அதற்கு மேல் மாதாமாதம் காசு. கூகுளும் யோக்கியம் என்று சொல்லவில்லை. அங்கே 15 ஜிபி, அவ்வளவுதான். வாட்ஸ்அப்பின் பழைய பேச்சும் ஒன்றில் கூகுள் கணக்கிலும் மற்றதில் ஐகிளவுடிலும் போய்ச் சேர்கிறது. ஒன்றில் சேர்ந்ததை மற்றது நேராக எடுத்துக்கொள்ளாது. மாற்றித் தர வழி உண்டு, ஆனால் புதுப் போனை முழுதாக அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கணும். அது தெரியாமல் நான் தொடங்கிவிட்டேன். விதை வைத்திருக்கிறவர்களோடு இரண்டு வருஷமாகப் பேசியதெல்லாம் பழைய போனிலேயே கிடக்கிறது.

வருஷா வருஷம் கடை வாசலில் நிற்க வைக்கிற விதையை நாம் ஏன் வேண்டாம் என்கிறோம்? விளைச்சல் குறைவு என்றா? இல்லை. எடுத்து வைத்து மறுபடி விதைத்தால் அது முன்னைப் போல விளையாது என்பதால்தான். போனுக்கும் அதே கேள்விதான். உள்ளே வைத்ததை நாளைக்கு நான் வெளியே எடுக்க முடியுமா? கெட்டுப்போனால் நம்ம ஊர் பஜாரிலேயே பழுது பார்க்க முடியுமா? டவர் போன அன்றைக்கு ஏதாவது உதவுமா?

நான் ஐபோனை மகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது மட்டமான போன் என்பதால் இல்லை; என் வேலைக்கு அது சரிவராது. கார்டு போடுகிற, ரேடியோ கேட்கிற சாதா ஆண்ட்ராய்டு போதும். நீங்கள் எதை வைத்திருந்தாலும் சரி, மாதம் ஒருமுறை வயல் படங்களைப் பென் டிரைவில் இறக்கிவிடுங்கள். விதை தருகிறவர்கள் நம்பரை ஒரு நோட்டில் எழுதி, பரண் மேல் வையுங்கள். வெள்ளம் மறுபடி வராது என்று யாரும் நமக்கு எழுதிக் கொடுக்கவில்லை.