எவருடைய முதுசம்?

தன்பாலீர்ப்பைக் குற்றமாக்கும் சட்டத்தை நீக்குவது நமது பண்பாட்டுக்கு ஊறு விளைவிக்குமெனக் கல்லடிப் பாலத்தின் இருமருங்கிலும் பெரியோர் பலர் கூறுகின்றனர். எந்தப் பண்பாடு? இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு 1883இல் ஆங்கிலேயர் இயற்றியது. (1995இல் நமது நாடாளுமன்றமே அதன் உட்பிரிவைப் பெண்களுக்கும் விரித்தது என்பதையும் மறைத்தற்கில்லை.) பெண்வழி உரிமையைப் பேணிய மட்டக்களப்பின் முக்குவர் சட்டமோ, 1876ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தால் வழக்கொழிந்தது. நம்முடையது பறிபோனபோது வாளாவிருந்தோம். அந்நியன் எழுதியதை முதுசமெனக் காக்கின்றோம்!

அப்பிரிவுகளைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. ஆயினும், சட்டம் திருந்தினால் வீடு திருந்திவிடுமா? இந்தியாவில் 2018இலேயே தடை நீங்கியது. அதன் பின்னரும் மதுரைப் பெண்கள் இருவர், பெற்றோருக்கு அஞ்சிச் சென்னைக்குச் சென்று நீதிமன்றத்தை நாட நேர்ந்தது. 2021இல் அவ்வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இவ்விடயத்தில் தமக்கிருந்த அறியாமையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டறிந்த பின்னரே ஆணை பிறப்பித்தார்.

நமது குடிக்கூட்டங்களில், கோயிற் சபைகளில், அத்தகைய ஒப்புதலைச் செய்ய ஒருவரேனும் எழுவாரா? கலியாணம் பேசி முடித்தால் எல்லாம் சரியாகிவிடுமெனக் கூறி, பெற்ற பிள்ளையோடு இன்னொரு வீட்டுப் பிள்ளையையும் பலியிடுவோரிடமே இதனை வினவுகின்றேன்.