மரக்கன்றும் மத்தியானக் கூலியும்

சட்டசபைக்கு நிற்கிற அபேட்சகர்களில் பருவநிலை மாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசாதவர்கள் இப்போது குறைவு. மேடை ஏறுமுன் ஒரு வேப்பங்கன்று நடுகிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். மறுநாள் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்பது வேறு விஷயம்.

பூமி சூடேறுகிறது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்து லாபம் குவித்த பணக்கார நாடுகளின் 200 வருடத்துப் புகை அது. ஆனால் அந்தச் சூடு எல்லார் தலையிலும் ஒரே மாதிரி இறங்குவதில்லை. குளிர்சாதன அறையில் இருப்பவருக்குக் கரண்டு பில் ஏறுகிறது. நடவு வயலில் நிற்பவளுக்கு உயிர் போகிறது. ஆகவே வேட்டி மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டுக் கேட்க வருகிறவரிடம் நாம் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். வெயில் கொடுமையால் வேலை நின்றால், அந்த நேரத்துக் கூலி யார் கணக்கில்? இதற்குப் பதில் வைத்திராதவருக்குப் பருவநிலைக் கொள்கை என்று ஒன்று கிடையாது, மரக்கன்றுதான் இருக்கிறது.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இழை அறாமல் ஓட வேண்டும் என்பதற்காக ஷெட்டுக்குள் காற்றை ஈரமாகவே வைத்திருக்கிறார்கள். இழைக்கு அது நல்லது. மனிதனுக்கோ, வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும்; ஈரக் காற்றில் வியர்வை காயாது. வெளியே வெயில் ஏற ஏற, உள்ளே நிற்பவர் இட்லிச் சட்டிக்குள் நிற்பதுபோலத்தான். இந்த வழக்கு மிகப் பழையது. இங்கிலாந்தில் லங்காஷயர் நெசவுத் தொழிலாளர்கள் ஷெட்டுக்குள் ஆவி விடுவதை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார்கள். 1889இல் ஈரத்துக்கு வரம்பு கட்டும் சட்டம் வந்தது. நம் கோவை வட்டாரத்து மில் முதலாளிகள் பலர் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை நிறுத்தி, சொந்த மில்லுக்கு மின்சாரம் எடுத்துக்கொள்கிறார்கள். சுத்தமான மின்சாரம்தான், அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் ரிங் பிரேம் சந்தில் நிற்கிற பெண்ணுக்கு அந்தக் காற்று இன்னும் எட்டவில்லை.

கிராமத்துக்கு வருவோம். 2023இல் மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12இல் திறந்தார்கள். அப்புறம் காவிரியில் போதிய தண்ணீர் வரவில்லை. டெல்டாவில் குறுவை காய்ந்தது. பாதிக்கப்பட்ட நிலத்துக்கு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் என்று ராஜ்ய சர்க்கார் நிவாரணம் அறிவித்தது. வேண்டியதுதான், சிறு விவசாயிக்கு அதுவும் போதாது. ஆனால் அதே வயலில் களை எடுக்கவும் அறுக்கவும் போயிருக்க வேண்டிய கூலிக்காரப் பெண்ணின் கணக்கு எங்கே? கணக்கு ஹெக்டேரில் எழுதப்படுகிறது. ஒரு குழி நிலமும் இல்லாதவர் அந்த நோட்டுப் புத்தகத்துக்குள் நுழைவதே இல்லை.

2024 அக்டோபரில் வெப்ப அலையை ராஜ்யத்தின் தனிப் பேரிடராக அறிவித்தார்கள். வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றும் சொன்னார்கள். நல்ல அறிவிப்பு, வரவேற்கிறோம். ஆனால் இதன் நியாயத்தைப் பாருங்கள்: வெயிலில் செத்தால் 4 லட்சம், சாகாமல் இருப்பதற்காக மத்தியானம் இரண்டு மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்தால் அரை நாள் கூலி வெட்டு! அதிலும், வரப்பில் சுருண்டு விழுந்தவர் சாவுக்கு மாரடைப்பு என்று எழுதிவிட்டால் அந்த 4 லட்சமும் காகிதத்தோடு போயிற்று.

இதைக் கேட்டால் அபேட்சகர்கள் சாதாரணமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. இது டெல்லி விவகாரம், உலக விவகாரம், சட்டசபை என்ன செய்ய முடியும் என்பார்கள். இந்தச் சாக்கை ஒரு நிமிஷமும் ஒப்புக்கொள்ளக் கூடாது. 2023 ஏப்ரல் 21இல் நடந்ததை மறந்துவிட்டோமா? பாக்டரி வேலையை 12 மணி நேரம் வரை நீட்ட இடம் தரும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டசபை அன்றுதான் நிறைவேற்றியது. இடதுசாரிகள் வெளிநடப்புச் செய்தார்கள், தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சர் அறிவிக்க வேண்டி வந்தது. முதலாளிக்காக வேலை நேரத்தை நீட்ட அதிகாரம் இருந்த சபைக்கு, வெயிலுக்காக அதைக் குறைக்க மட்டும் அதிகாரம் இல்லாமல் போகுமா? பக்கத்திலே கேரளத்தில், கோடையில் திறந்த வெளியில் வேலை செய்கிறவர்களுக்குப் பகல் 12 முதல் 3 வரை ஓய்வு என்று தொழிலாளர் இலாகா உத்தரவு போடுகிறது. அது எல்லா இடத்திலும் அமலாகிறதா என்பது சங்கத்தின் பலத்தைப் பொறுத்தது. உத்தரவு போட முடியும் என்பது தெளிவாகத் தெரிகிறது.

டெல்லியின் பங்கும் இதில் இல்லாமலில்லை. 1948ஆம் வருடத்துப் பாக்டரிச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, ஷெட்டுக்குள் வெப்பம், காற்றோட்டம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று விதி வகுக்கும் அதிகாரத்தை ராஜ்ய சர்க்காருக்குத்தான் கொடுத்திருந்தது. 2020இல், எதிர்க்கட்சிகள் பகிஷ்கரித்திருந்த நேரம் பார்த்துப் பார்லிமெண்டில் நிறைவேற்றிய தொழிற் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21இல் அமலுக்கு வந்தபோது அந்த அதிகாரத்தை டெல்லிப் பக்கம் இழுத்துக்கொண்டது. ராஜ்ய உரிமை என்று மேடையில் முழங்குகிற அபேட்சகர் இந்த உரிமையையும் திரும்பக் கேட்பாரா? தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் இருக்கிறது. சட்டசபை திருத்தம் கொண்டுவந்து ஜனாதிபதியின் சம்மதத்துக்கு அனுப்ப வழி இருக்கிறது. விவசாயக் கூலிக்குக் குறைந்தபட்சம் நிர்ணயிப்பதோ இன்றைக்கும் ராஜ்ய சர்க்காரின் வேலைதான். கோடை மாதங்களில் காலை ஆறு மணிக்கு இறங்கி முற்பகலிலேயே கரையேறினால் முழு நாள் கூலி என்று அந்த அறிவிப்பிலேயே எழுதச் சொல்லுங்கள்.

அனல் மின் நிலையங்களை மூடுவோம் என்று ஒருவர் சொன்னாலும் கைதட்டிவிட வேண்டாம். அங்கே சாம்பல் அள்ளுகிற காண்டிராக்ட் தொழிலாளிக்கு மறுநாள் என்ன வேலை என்று கேட்டுவிட்டுத் தட்டலாம்.

நம் கூட்டணி அபேட்சகர் என்பதற்காக யாரையும் விட்டுவிட வேண்டியதில்லை. 12 மணி நேர மசோதாவைக் கொண்டுவந்ததும் நாம் 2021இல் ஓட்டுக் கேட்டு ஜெயிக்க வைத்த கூட்டணியின் மந்திரிசபைதான் என்பது தோழர்களுக்கு நினைவிருக்கும். தோழமை வேறு, கூலிக் கணக்கு வேறு.

மில் கேட் கூட்டத்திலும் சேரித் தெருவிலும் யார் வந்தாலும், நாலு பேர் முன்னிலையில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். சொன்ன பதிலைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். பதில் சொல்லாமல் நழுவினால் அதையும் எழுதுங்கள். கிளைகள் அதை நமக்கு அனுப்பினால், அபேட்சகரின் பெயரோடும் தொகுதியோடும் இதே பக்கத்தில் பிரசுரிப்போம்.