வாவிக்கரைக்கு ஒரு வானொலி

மட்டக்களப்பிலிருந்து கல்முனை செல்லும் பெருந்தெருவில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பரப்பிலே கிடக்கிறது செட்டிபாளையம். வாவிக்கு அப்பால் படுவான்கரை வயல்கள். இவ்விரு கரைக்கும் பொதுவாக, இம்மக்களே நடத்தும் சிறு வானொலி நிலையம் ஒன்று வேண்டும் என்பது எமது கருத்து.

செலவை எண்ணி மலைக்க வேண்டியதில்லை. இந்தியாவிற் சமூக வானொலிக்கு வழக்கமாக விதிக்கப்பட்ட உச்ச வலு 100 வாற்று. பழைய மின்குமிழ் ஒன்றின் வலுவே அது. ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால் அக்குரல் தேய்ந்துவிடும். இதைக் குறையென்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. பிழையாகப் பேசியவரை மறுநாட் காலையிலே துவிச்சக்கர வண்டியிற் சென்று கேள்வி கேட்கலாமன்றோ!

தெலுங்கானாவின் மச்னூரில் 2008இல் தலித் பெண்கள் தமக்கென நிலையம் அமைத்தனர். பாம்பனில் 2016இல் மீனவருக்கென 'கடல் ஓசை' எழுந்தது. நம் நாட்டிற் கொத்மலை நிலையம் 1989இலேயே தோன்றிவிட்டது. ஆயினும் அது அரச கூட்டுத்தாபனத்தின் கிளையாகவே பிறந்தது. இடையூறு இங்கேதான். 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்க ஒலிபரப்புச் சட்டம் தனியாருக்கு அநுமதிப்பத்திரம் வழங்க இடந்தருகிறது. ஊருக்கென ஒரு வகையை அது வகுக்கவில்லை. வணிகருக்குத் திறந்த கதவு கிராமச் சங்கத்துக்கு ஏன் திறக்கக்கூடாது?

கைத்தொலைபேசி இருக்க வானொலி எதற்கு என்பர் சிலர். 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளியையும், 2004 டிசெம்பர் 26இல் இக்கரையை வாரிச் சென்ற ஆழிப்பேரலையையும் அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். மின்சாரமும் தொலைபேசிக் கோபுரமும் அற்ற இரவில், இரண்டு மின்கலத்தில் இயங்கும் பெட்டி பேசும். நிலையத்தின் கம்பமும் சாயலாம், உண்மை. ஆனால் சிறு கம்பத்தை ஊர் இளைஞரே நிமிர்த்திவிடுவர்.

இலக்கிய அன்பருக்கு இதில் வேறொரு பங்கும் உண்டு. கொழும்பு வானொலியின் தமிழ் ஒரு காலத்திற் கடல் கடந்து தமிழகத்தையும் கவர்ந்தது. அதன் பெருமையை நாம் குறைக்கவில்லை. எனினும் அந்தச் செம்மையான உச்சரிப்பிடையே மட்டக்களப்புப் பேச்சுக்குக் கிடைத்த இடம் சிறிது. விடியவிடிய ஆடும் வடமோடி, தென்மோடிக் கூத்துக்கும், வைகாசிச் சடங்கிற் படிக்கும் கண்ணகி வழக்குரைக்கும் அரைமணி நேர நிகழ்ச்சி போதுமா? ஊர் நிலையம் ஓர் இரவையே கொடுக்கலாம்.

ஆசிரியர்களும் மாணவர்களும் முதுமையடைந்த அண்ணாவிமாரின் குரலை இப்போதே பதிவு செய்யத் தொடங்கலாம். அதற்கு எவரது அநுமதிப்பத்திரமும் தேவையில்லை.