முதலைத் தொடாதே!

பி.காம். படிக்கும்போது ஒரு பாடம் சொன்னார்கள். வட்டியைச் சாப்பிடலாம், முதலைச் சாப்பிட்டால் கடை காலி. இதே கணக்கைக் காட்டுக்குப் போட்டார் ஒரு ஜெர்மன்காரர்!

பெயர் ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ். சாக்ஸனியில் வெள்ளிச் சுரங்கங்களை நிர்வகித்த அதிகாரி. தாது உருக்க விறகு, குளிருக்கு வீட்டைச் சூடாக்க விறகு என்று வெட்டித் தள்ளியதில் சுற்றுவட்டாரக் காடெல்லாம் தேய்ந்துவிட்டது. மனுஷர் 1713-ல் புத்தகமே போட்டார். காடு எவ்வளவு வளருதோ அவ்வளவுதான் வெட்டணும். வெட்டின இடத்தில் நடணும். விறகை மிச்சம் பிடிக்கிற மாதிரி அடுப்பு கட்டணும்.

வெட்டினதும் எரித்துவிட முடியாது, சார். பச்சை மரத்தின் எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். அடுப்பில் வைத்தால் முதலில் அந்தத் தண்ணீரைத்தான் காய்ச்சும். அறை சூடாகாது, புகைதான் மிச்சம். பிளந்து, மழை படாமல், காற்றாட அடுக்கி, ஒன்றிரண்டு வருஷம் காயவைக்கணும்.

ஆக, இந்தக் குளிருக்கு விறகு வேணும்னா போன வருஷமே வெட்டியிருக்கணும். அந்த மரத்தை யாரோ ஒரு தாத்தா நட்டிருக்கணும். அங்கே ஸ்ப்ரூஸ் மரம் வெட்டும் பக்குவத்துக்கு வர சுமார் 80 வருஷம் ஆகும். நட்டவர் அதில் குளிர்காயப் போவதில்லை என்று தெரிந்தேதான் நடுகிறார்!

நானா? பிக்ஸட் டெபாசிட்டைப் பாதியில் உடைத்து ஃப்ரிட்ஜ் வாங்கினவன். கார்லோவிட்ஸ் என்னைக் காட்டுப் பக்கமே விட்டிருக்க மாட்டார்.