தலைக்கணக்கும் பணக்கணக்கும்

கும்பகோணம் படிப்புக்குப் பேர்போன ஊர். 1854-ல் தோன்றிய அதன் சர்க்கார் கல்லூரியைத் 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்று மெச்சினார்கள். நல்லது! ஆனால் நிலம் மிராசுதாருக்கும் மடத்துக்கும், படிப்பும் அவர்கள் பிள்ளைக்கு என்றிருந்த அந்த நாளில், பண்ணையாள் பிள்ளைக்குக் கிடைத்தது மாட்டுக் கொட்டில்தான்.

1953-ல் ராஜாஜி சர்க்கார் பாதி நேரம் பள்ளி, பாதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் போட்டது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். 1954-ல் காமராஜ் முதல்வரானதும் அந்தக் குலக்கல்வி குப்பைக்குப் போயிற்று.

இன்று அப்படிச் சட்டம் போட எவனுக்கும் துணிவில்லை. தேவையுமில்லை. அந்த வேலையைக் காசே செய்துவிடுகிறது! காலையில் சாலையோரம் நின்று பாருங்கள், தோழர்களே. ஒரு பிள்ளை மஞ்சள் வேனில் ஏறுகிறது. இன்னொன்று சர்க்கார் பள்ளிக்கு நடக்கிறது. எது யார் பிள்ளை என்று அறிய ஜாதகம் பார்க்க வேண்டியதில்லை.

"ஏழைக்கும் தனியார் பள்ளியில் நூற்றுக்கு 25 இடம் உண்டே, 2009-ம் வருஷத்துச் சட்டம் தருகிறதே" என்பார்கள். யார் தருகிறார்கள்? பள்ளி முதலாளியா? இல்லை, நம் வரிப்பணம் அவன் பெட்டிக்குப் போகிறது! அதுவும் எட்டாம் வகுப்போடு சரி. ஒன்பதில் கட்டணச் சீட்டை நீட்டினால் கூலிக்காரன் எங்கே போவான்? மத்திய சர்க்கார் கல்விப் பணத்தை முடக்கியதும், 2025-ல் இந்தச் சேர்க்கையே நின்றது. அக்டோபரில்தான் வழி பிறந்தது. இது உரிமையா, பிச்சையா?

இங்கே ஒரு பிள்ளை போனால் அங்கே ஒரு தலை குறைகிறது. தலை குறைந்தால் ஆசிரியர் இடம் குறைகிறது. ஆசிரியர் குறைந்ததும், "சர்க்கார் பள்ளியில் படிப்பில்லை" என்று அவர்களே சொல்கிறார்கள். அதைக் கேட்டு இன்னும் பத்துப் பேர் கடன் வாங்கி வேன் ஏற்றுகிறார்கள். குற்றம் அந்தத் தாய் தகப்பன் மேல் அல்ல. பள்ளியைப் பட்டினி போட்டவர்கள் மேல்!

பிள்ளையைக் கல்லாப்பெட்டிக் கணக்காக்கினால் என்ன நேரும் என்பதைக் கும்பகோணம் மறக்காது. 2004 ஜூலை 16. ஒரே கட்டிடத்தில் மூன்று பள்ளிகள். மேலே கீற்றுக் கொட்டகை. கீழே சத்துணவு அடுப்பு. 94 பிஞ்சுகள் கருகினார்கள். தீர்ப்பு வர 2014 ஆயிற்று: 10 பேருக்குத் தண்டனை, 11 பேர் விடுதலை. 2017-ல் உயர்நீதிமன்றம் தண்டனைகளையும் தளர்த்தியது. பெற்றவர்களின் துக்கத்தைத் தளர்த்த எந்த நீதிமன்றம் உண்டு?

அருகிலுள்ள ஒரே பொதுப்பள்ளியில் எல்லார் பிள்ளையும் படிக்க வேண்டும் என்று கோத்தாரி கமிஷன் 1966-லேயே சொன்னது. கலெக்டர் பிள்ளையும் களை எடுப்பவள் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரட்டும்; கூரை ஒழுகினால் மறுநாளே கொத்தனார் வருவான்!

வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். தமிழோடு நல்ல ஆங்கிலமும் வேண்டும். தனியாருக்குப் போகும் பணம் சர்க்கார் பள்ளிக்குத் திரும்ப வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். மில் தொழிலாளியே, வயல் தொழிலாளியே! அந்த நாற்காலி உனக்குரியது. போய் உட்கார், கணக்குக் கேள்!